விரலிலிருந்து வந்த நகை

பிரெஞ்சில் நகைக்கு 'பிஜூ' என்று பெயர். அந்தச் சொல் பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில் பேசப்படும் பிரெத்தோன் மொழியிலிருந்து போனது. அங்கே 'பிஸ்' என்றால் விரல், 'பிஸூ' என்றால் மோதிரம். ஒற்றை மோதிரத்தின் பெயர் மொத்த நகைப்பெட்டிக்கும் ஆகிவிட்டது! கடற்புறாவைக் குறிக்கும் 'கொயெலான்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் அந்தக் கடற்கரை தந்ததுதான்.

பக்கத்து நார்மண்டியின் கதை வேறு. 911-இல் ரோலோ தலைமையில் அங்கே நிலம் பெற்ற வைக்கிங்குகளின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் ஊர்ப்பெயர்களில் வைக்கிங்குகளின் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கோத்பெக்' என்ற ஊர்ப்பெயருக்குக் குளிர்ந்த ஓடை என்று பொருள்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். இப்படிச் சொல் கொடுத்த பிரெத்தோன் மொழியை ஒரு காலத்தில் பள்ளியில் பேசிவிட்டால், பிள்ளையின் கழுத்தில் பழைய மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து ஒரு பிள்ளை பேசி மாட்டும்வரை அதைச் சுமக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளையே ஒருவரையொருவர் வேவு பார்க்க வைத்த கொடுமை இது. நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

அதே மொழியில் கற்பிக்க 1977-இல் 'திவான்' பள்ளிகள் தொடங்கின. பாலர் வகுப்பில் ஆரம்பித்து, இன்று மேல்நிலை வரை பிரெத்தோன் வழியிலேயே படிக்கலாம்.