கூலி வாங்கிய காது

சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக மேச்சேரிக்கு பஸ். டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, என் காதில் இயர்போனில் வேறு பாட்டு. விடுவேனா? வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். இறங்கியபோது பத்ரகாளியம்மன் கோயில் மணி கிணற்றுக்குள்ளிருந்து அடிப்பதுபோல் கேட்டது.

1979-ல் சோனி வாக்மேன் வந்த நாளிலிருந்தே பயணத்தில் இந்தத் தகராறுதான். காதில் சும்மா தொங்குகிற ரகம் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதை அமுக்கத்தான் நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். ரப்பர் முனை வைத்துக் காதை அடைக்கிற ரகத்தில் பாதி வால்யூமே போதும், முனை காதுக்குச் சரியான அளவாக இருந்தால். 'நாய்ஸ் கேன்சலிங்' ரகம் இன்னும் சாமர்த்தியம். குட்டி மைக்கில் எஞ்சின் உறுமலைக் கேட்டு, நேர் எதிரான ஒலி அலையை அனுப்பி அடக்கிவிடும். (கண்டக்டர் விசிலை அவ்வளவாக அடக்காது. நல்லதுதான்!)

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டிய காது அவருடையது. என் இயர்போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"ஐந்நூறு, மாமா."

சிரித்தார். "நானாச்சும் கூலி வாங்கிட்டுக் காதைக் கெடுத்துக்கிட்டேன் மாப்ள. நீ காசு குடுத்துல்ல கெடுத்துக்கறே?"

திரும்பும்போது சேலத்தில் ரப்பர் முனை ரகம் வாங்கினேன். இப்போது பாதி வால்யூம்தான். ரோடு தாண்டும்போது அதுவும் கிடையாது.