காற்று கொண்டுபோன விமானம்

விபத்தில் அழிந்த போர்விமானங்களைத் தேடிப் புறப்படுபவர்களின் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் ஓர் எண்தான். எங்களுக்குச் சிக்கியது சி 9681. ஹேண்ட்லி பேஜ் ஓ/400 வகையைச் சேர்ந்த இந்தக் குண்டுவீச்சு விமானம், 1919இல் மூன்றாம் ஆப்கன் போரின்போது வடமேற்கு எல்லைப்புறத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தரையில் நின்றிருந்தபோது புயற்காற்றில் சிதைந்தது. எதிரி சுடவில்லை, விமானி தவறவில்லை. நூல்கள் அரை வரியில் இதைக் கடந்துவிடுகின்றன.

கொடைரோட்டுக்காரர்களான எங்களுக்கு அந்த அரை வரி போதவில்லை. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவில் வாழ்பவர்கள் நாங்கள். கல்லும் கம்பியுமாக இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தலை ஒரே காற்று சுருட்டிப் போடுவதைக் கண்டவர்கள். அக்கால விமானமும் ஏறக்குறைய ஒரு பந்தல்தான்: மரச்சட்டம், மேலே போர்த்திய துணி, அடுக்கடுக்கான இரண்டு இறக்கைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். ஓ/400இன் இறக்கை விரிவு 100 அடி. கொட்டகைக்குள் நுழைவதற்காக இறக்கைகளைப் பின்னால் மடக்கும்படி செய்திருந்தார்கள். வானில் அதைத் தாங்கிய அந்த அகலமே தரையில் அதற்கு வினையானது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துணி எம்மாத்திரம்?

இத்தனைக்கும் அது சாதாரண விமானமன்று. 1918ஆம் ஆண்டின் இறுதியில் கெய்ரோவிலிருந்து கல்கத்தாவரை முதன்முதலாகப் பறந்து வந்தது அதுவே. ஓட்டியவர் ஆஸ்திரேலியரான ராஸ் ஸ்மித். பென்னட், ஷியர்ஸ் என்ற இரு இயந்திர வினைஞர்களும் உடன் வந்தார்கள். அதிலேயே ஆஸ்திரேலியாவரை பறந்துவிடும் ஆசை ஸ்மித்துக்கு இருந்தது. வழியில் இறங்கத் தக்க இடங்களைப் பார்த்துவரக் கப்பலேறிப் போனார். (பெட்ரோல் ஏற்றிய முதற்கப்பல் சிட்டகாங்கில் வெடித்துப்போனது தனிக்கதை.) திமோர்வரை போய்த் திரும்பியவருக்கு, விமானம் எல்லைப்புறத்துக்கு இரவல் போய் அழிந்த செய்திதான் காத்திருந்தது. அதே மூவரும் ஸ்மித்தின் தமையன் கீத்துமாக 1919 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இங்கிலாந்திலிருந்து டார்வின்வரை பறந்து, 10,000 பவுன் பரிசை வென்றது விக்கர்ஸ் விமி என்னும் வேறொரு விமானத்தில். விமி இன்றும் அடிலெய்டு விமான நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. சி 9681க்கு அந்த அரை வரிதான்.

இதுவரை படித்துவிட்டு நாங்கள் ஓ/400க்காக வருந்தியது உண்மை. ஆனால் அதை எல்லைக்கு எதற்காகக் கொண்டுபோனார்கள் என்று கேட்டுக்கொண்டபின் அந்த வருத்தம் வேறு நிறம் கொண்டது. குண்டு போடுவதற்காகத்தான். அந்த வேலையை இந்தியாவில் அப்போதிருந்த இன்னொரு பெருவிமானம் செய்தது: பெர்லினைத் தாக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, நான்கு இயந்திரங்கள் கொண்ட வி/1500. 1919 மே 24 அன்று ஹாலி என்ற விமானி ரிசால்பூரிலிருந்து அதில் புறப்பட்டு, மலைகளைத் தாண்டிக் காபூல் அரண்மனைமீது குண்டு வீசித் திரும்பினார். லண்டன்மீது ஜெர்மானிய வான்கப்பல்கள் குண்டு வீசியபோது காட்டுமிராண்டித்தனம் என்றீர்களே, இப்போது நீங்கள் செய்திருப்பது என்ன என்ற பொருள்பட, அமீர் அமானுல்லா வைசிராய்க்கு எழுதினார். அரசியல் கடிதங்களில் இவ்வளவு நேரான கேள்வியை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

விமானத்துக்கு எண் உண்டு. விமானிக்குப் பெயர் உண்டு. வீசிய குண்டுகளின் எடைகூட ராத்தல் கணக்கில் உண்டு. நாங்கள் வாசித்த பக்கங்களில் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் பெயரில்லை. தொலைந்த இயந்திரங்களைத் தேடுபவர்கள் எங்களைப்போல அவற்றின்மீது காதல் கொண்டுவிடுவது எளிது. பந்தல் உவமை சொன்னவர்கள் நாங்களேதான்.

காபூலுக்குப் போன வி/1500 அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் இறக்கைச் சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது தெரியவந்தது.