பை பிடிக்காத கைகள்

குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டு திரும்பியபோது ஆசிரியர் அறையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி பனியைப் பற்றியதல்ல. “வீட்ல எப்படி மேடம் விட்டாங்க?” இரண்டாவது, “ரெண்டு வாரம் சமையல் யாரு?” மூன்றாவதாகத்தான் குளிர் வந்தது. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நம் ஊர்ப் பெண்ணுக்கு இந்த விடுமுறையின் கடினமான பகுதி மலையில் இல்லை.

யாரும் விடவில்லை. தேதியைச் சொன்னேன், போனேன். இரண்டு வாரத்துக்கும் பொடி இடித்து, குழம்பு வைத்து, ஃப்ரிட்ஜை நிரப்பிவிட்டுக் கிளம்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ரயில் ஏறும்போதே அவர்களுக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும். வேண்டாம். கேஸ் புக் செய்யும் எண், பால்காரர் எண், மாமியாரின் மாத்திரை நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். மகனுக்கு ரசம் வைக்க வந்துவிட்டது.

பணத்துக்கு நகைச்சீட்டைத்தான் சொல்வேன். மாதாமாதம் கட்டி ஆண்டுக் கடைசியில் ஒரு வளையல் வாங்குகிறோமே, அதில் ஓர் ஆண்டை இதற்கு எழுதிவிடுங்கள். போதாவிட்டால் இரண்டு ஆண்டு.

எப்போது போவது? தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் வைக்கோல்போரில் இறங்கும் பனியும் இருக்கிறது, இமயத்தில் ஆளுயரம் குவிவதும் இருக்கிறது. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. குல்மார்க்கின் சறுக்குக் காலமும் கிட்டத்தட்ட இதேதான். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர். தொடக்கக்காரர்களுக்கு அது கழிந்த பிப்ரவரி நல்லது. பொங்கல் முடிந்திருக்கும் என்பதால் மருமகள் எங்கே என்று தேட ஆளிருக்காது. ஆனால் பனியும் இப்போது நம் கண்மாய்த் தண்ணீர் போலத்தான், வந்தால் உண்டு. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025இல் அங்கே நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகளையே பனியில்லாமல் தள்ளிவைத்தார்கள். டிக்கெட்டைத் தேதி மாற்றும் வசதியோடு எடுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு காஷ்மீருக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அப்போதைய நிலவரத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள். வாட்ஸ்அப் பெரியப்பாக்களை முடிவெடுக்க விடாதீர்கள்.

அங்கே போனதும் என் கண்ணில் பட்டது பனி அல்ல, பைகள். நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. வாடகைக்கு எடுத்த நீளக் கோட்டும் ரப்பர் பூட்ஸும், அதற்குள்ளே சேலை. ஆண்களும் பையன்களும் காலில் பலகையைக் கட்டி, உள்ளூர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சறுக்குகிறார்கள். பெண்கள் ஓரமாக நிற்கிறார்கள். தோளில் சொந்தக் கைப்பை, ஒரு கையில் கணவரின் பை, மறு கையில் அவரைப் படமெடுக்கும் செல்போன். பிறகு அந்தப் பெண்ணை ஒரு மரச் சறுக்குவண்டியில் உட்காரவைக்கிறார்கள். ஒல்லியான ஒருவர் கயிற்றால் இழுத்துப் போகிறார். அவளுடைய பனி அனுபவம் அவ்வளவுதான். “நீங்க ஏறலயா?” என்று மதுரைக்கார அம்மா ஒருவரிடம் கேட்டேன். “விழுந்துட்டா அசிங்கமாப் போயிரும்மா” என்றார். அடிபடும் என்று சொல்லவில்லை.

புதுக்கோட்டைக்காரிக்கு இதற்குப் பதில் தெரியும். 1991, 92இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நான் அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது ஊர்வலம் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் கம்மாய்க்கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் அத்தைகளும் சின்னம்மாக்களும் விழுந்த விழுகை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குரங்குப்பெடல் போட்டு, ஊரே பார்க்க விழுந்தார்கள். சிரித்தவர்களுக்கும் சிரித்துச் சலித்துவிட்டது.

குல்மார்க்கின் முதல் இரண்டு நாளும் விழுகைதான். அரைமணி நேர வாடகைச் சறுக்கலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சியாகப் போங்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் சோலாங்கில் கற்றுக்கொடுக்கிறது. உத்தராகண்டின் ஔலியில் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரம் மண்ணில் புதையத் தொடங்கி ரோப்கார் நிறுத்தப்பட்டதால், பாதையை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கட்டணத்தில் தங்குமிடம், சாப்பாடு, பலகை எல்லாம் அடங்குமா, பெண்களுக்குத் தனி அறையா, கழிப்பறையில் வெந்நீர் வருமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க்குக்கு மேல் பனி கிடந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

உடுப்பு: பருத்தியை மறந்துவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு விறைத்துப்போகும். ஒட்டிய தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் நீர் புகாத ஜாக்கெட், பேண்ட். கம்பளிக் காலுறை ஒன்றே போதும். இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் மடிந்து கொப்புளம் வரும். பலகை தருகிறவர் எடை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கிற பூட்டை எடை, உயரம், வயது பார்த்துத்தான் முறுக்குகிறார்கள். நாலு கிலோ குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்றுகொள்ளும். வெட்கத்தில் முறுக்க வேண்டிய திருகு இல்லை அது. முழங்கால் தசைநார் காயம் சறுக்கும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அதனால் இரண்டு மாதம் முன்பே சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்து பழகுங்கள். மாதவிடாய் நாள் குறுக்கே வந்தால் கப் வசதி. அத்தனை அடுக்குத் துணியோடு கழிப்பறையில் நாப்கின் மாற்றுவது தனிச் சாகசம். கப்பையும் ஊரிலேயே இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டு வாருங்கள்.

சரிவில் முதலில் கற்றுத்தருவது நிற்க. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, குதிகாலை வெளியே தள்ளி, உள்விளிம்பால் பனியைச் சுரண்ட வேண்டும். பார்வை பலகையில் இருக்கக் கூடாது, போகும் இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிளிலும் இதையேதான் கத்துவார்கள்: “வீலப் பாக்காதடி, ரோட்டப் பாரு!” விழுவது உறுதியானால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக விழுங்கள். நின்ற பிறகு பலகைகளை உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக வைத்து எழுங்கள். அந்தக் குறுக்கு மட்டும் பிடிபட்டுவிட்டால் மற்றது வந்துவிடும். எனக்கு ஐந்தாம் நாள் வந்தது. சுமார் நூறு மீட்டர், விழாமல், நானே திருப்பி, நானே நிறுத்தி. கீழே நின்றபோது எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. வகுப்பறையில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

கேபிள்காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோகும். வேடிக்கை பார்க்க ஏறுங்கள். சறுக்கி இறங்க அது தொடக்கக்காரர்களின் இடமல்ல. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். காப்பீட்டில் பனிச்சறுக்கு அடங்குமா என்று ஊரிலேயே பாருங்கள்.

சரிவுக்குக் கைப்பை கொண்டுவர வேண்டாம். சன்ஸ்கிரீன், இரண்டு கடலைமிட்டாய், கொஞ்சம் பணம், போன் எல்லாம் ஜாக்கெட்டின் உள்பையில் அடங்கும். யாராவது “அக்கா, இதக் கொஞ்சம் பிடிங்க” என்று நீட்டினால், இரண்டு கையிலும் கோல் இருப்பதைக் காட்டுங்கள்.