மலருக்குப் பெரியப்பா எழுதுவது

அன்புள்ள மலருக்கு,

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்த குடியிருப்புக்காரர்கள் நாலு பேரும் உங்கள் அலுவலகம் போட்ட வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பட்டா எப்போது கிடைக்கும் என்றே கேட்டார்கள் என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டுக் கூப்பிட்டால் அவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கராச்சியில் ஒராங்கி என்று ஒரு பெரிய குடியிருப்பு. தரகர்களிடம் மனை வாங்கி மக்களே கட்டிக்கொண்ட வீடுகள். சாக்கடை கிடையாது, கழிவெல்லாம் சந்தில்தான் ஓடும். 1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே போனார். ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், இன்றைய வங்கதேசத்திலுள்ள கொமில்லாவில் கிராம வளர்ச்சிப் பணியில் பேர் எடுத்தவர். போனதும் அவர் எந்தத் திட்டமும் போடவில்லை. மாதக்கணக்கில் தெருத்தெருவாகச் சுற்றி, என்ன வேண்டும் என்று கேட்டார். சாக்கடை வேண்டும், அதை அரசாங்கம் இலவசமாகப் போட்டுத்தர வேண்டும் என்றார்கள்.

அரசாங்கம் வரவில்லை. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குழாய், பல சந்துகளைச் சேர்க்கும் குழாய் மூன்றும் மக்கள் பொறுப்பு. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடு சேர்ந்தது ஒரு சந்து. சந்துக்காரர்களே தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்துப் பணம் திரட்டினார்கள். கானின் ஆட்கள் மட்டம் பார்த்துக் கொடுத்தார்கள், செலவைக் கணக்கிட்டார்கள், மேன்ஹோல் வார்க்க அச்சு இரவல் தந்தார்கள். பணத்தை மட்டும் தொடவே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். காசு யார் கையில் இருக்கிறதோ அவர்தானே வேலையை நின்று பார்ப்பார்! ஒப்பந்தக்காரர் லாபம் போனதும் செலவும் வெகுவாகக் குறைந்தது.

பிறகு பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் அந்தப் பகுதிப் பையன்களுக்கே அளக்கவும் வரையவும் கற்றுக்கொடுத்தார். மக்கள் போட்ட குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்பது அந்த வரைபடங்களில்தான் தெரிந்தது. அதிகாரிகளோ அங்கே ஒன்றுமே இல்லை என்று எண்ணித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலம் பிடுங்குவோரையும் திருட்டுத் தண்ணீர் விற்போரையும் பற்றிக்கூட பர்வீன் ஆவணம் திரட்டினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இந்தக் கதையை உன் அலுவலகத்தில் சொன்னால், அப்படியானால் ஏழைகளே செலவு செய்துகொள்ளட்டும் என்று யாராவது சொல்வார். விடாதே. பெரிய வடிகாலை அரசு கட்டாவிட்டால் சந்துக்குழாய்க் கழிவு பக்கத்து ஓடையில்தான் போய் விழும். இன்னொன்று: ஒராங்கிக்காரர்கள் கைக்காசைப் போட்டதற்குக் காரணம், யாரும் தங்களைக் கிளப்ப மாட்டார்கள் என்ற தைரியம். கூவம் ஆற்றங்கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்ட ஊர் நம் சென்னை. இங்கே பட்டாவைக் கேட்காமல் குழாயைப் பற்றிப் பேசுகிறவன்தான் விவரமில்லாதவன்.

அதனால் முதலில் உன் மேலதிகாரியிடம், அந்த இடத்திலேயே அவர்களை இருக்க விடப்போகிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள். இருக்க விடுவதாக இருந்தால், அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் டேப்பைக் கொடுத்து அவர்களையே வரையச் சொல். அடுத்த கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வை. பகலில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும், யார் வருவார்கள்?

அன்புடன்,
பெரியப்பா