நமக்கு எதுக்கு மலேசியா டூர்?

வரும் மார்ச் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் மலேசியா போகிறேன். வேலைக்கு இல்லை, மாநாட்டுக்கு இல்லை, கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கவும் இல்லை. சுற்றிப் பார்க்க. இதைச் சொன்னதும் வந்த கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

அலுவலகத்தில் ‘ட்ரெய்னிங்கா?’ என்றார்கள். ஊரில் ‘வேலை கெடச்சிருச்சா? எவ்வளவு சம்பளம்?’ என்றார்கள். இயக்கத் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி, ‘இந்தப் பணத்துல நாலு பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டலாமே தோழர்’ என்றார். மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். சேரியில் பிறந்தவர்கள் கடல் தாண்டினால் உழைப்பதற்காகத் தாண்ட வேண்டும், அல்லது நம் துயரத்தை எடுத்துச் சொல்வதற்காகத் தாண்ட வேண்டும். சும்மா போவது நம் கணக்கில் இல்லை.

அந்தத் தோழருக்கு நான் சொன்ன பதில் 1934இல் இருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு அண்ணல் அம்பேத்கருடன் இயக்கத்தில் வேலை செய்தவர்கள் சிலர், ‘நீங்களும் வந்தால் ஒரு சுற்றுலா போகலாம்’ என்று கேட்டார்கள். அவரும் போனார். எல்லோரா குகைகளைப் பார்ப்பது திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதி படிந்த முகத்தையும் காலையும் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த நூலின் தலைப்பு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’.

இந்தச் சம்பவத்தைத் தீண்டாமைக்குச் சான்றாக நாம் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். அதற்குள் இருக்கும் இன்னொரு செய்தியைச் சொல்வதில்லை. போராட்டத்தின் நடுவில் இருந்த அந்தத் தோழர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை இருந்தது. அதை அம்பேத்கர் வீண் என்று சொல்லவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, அவர் முன்னெடுத்த சட்டத் திருத்தங்களில் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் உண்டு. ராட்டையையும் கைத்தொழிலையும் புகழ்ந்த காந்தியத்தை அவர் விமர்சித்தபோதும், மனிதருக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை என்பதே அவருடைய வாதத்தின் மையம். ஆகவே ஓய்வு நமக்குக் கொள்கைக்கு வெளியே இருக்கும் சங்கதி அல்ல. யாருக்கு ஓய்வு, யாருக்கு ஓயாத வேலை என்று பிரித்து வைத்ததுதான் சாதி.

மலேசியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி. யுத்தத்துக்கு முன்னால் கங்காணியோடு கப்பல் ஏறியவர், திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் மலேயா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘பினாங்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘பினாங்குக்குப் போனவரு’ என்றால் அவர்தான். பெயர்கூட அம்மாவுக்குச் சரியாக ஞாபகமில்லை.

அவரைப் போல லட்சக்கணக்கானவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலேயாவில் முடிந்தது. அதன்பின் கங்காணி முறையே முதன்மையானது. கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து, தெரிந்தவர்களிடம் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். ஆள் கணக்குக்கு அவனுக்குக் காசு. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. போனவர்களில் பெரும் பங்கினர் நம் மக்கள். பண்ணையாரின் கடனிலிருந்தும் சாட்டையிலிருந்தும் தப்பிக்க வேறு கதவு இல்லாததால் போனார்கள். பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தும் முகாம் இருந்தது. அதைத் தாண்டினால் தோட்டம், லயம், விடியுமுன் ரப்பர் மரம் வெட்டு.

சாதியும் கப்பல் ஏறியது. சில தோட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு லயம் தனி வரிசையாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரே மரத்துக்கு ஒரே கூலி என்கிற இடத்தில் ஊரில் இருந்த இறுக்கம் அப்படியே நிற்க முடியவில்லை. 1929இல் பெரியார் அங்கே போய்ப் பேசினார். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரையைப் பார்த்தால் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும் என்பதை நிறுத்து! ஆங்கில அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சங்கத்தை வழிநடத்திய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கோரிக்கையின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

கடாரம் வென்ற ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அதே கெடா மாநிலத்தில் ரப்பர் வெட்டியவர்கள் பாடத்தில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்து ஒரு நோட்டில் பயணத் திட்டம் போட்டேன். கிள்ளான், கேரித் தீவு, கெடா, பழைய தோட்டப்புறங்கள், லயங்கள், முடிந்தால் பழைய ஆட்களிடம் பேச்சு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்பது வருடம் நடவும் களையும், அப்புறம் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர் வேலை என்று போய், போன வருடம்தான் ஓய்வு பெற்றவர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏண்டி, அங்க போயும் நம்ம கஷ்டத்தையேதான் பாக்கணுமா? அதான் இங்கயே பாத்தாச்சே. எனக்கு ஒரு மலை மேல ஏறி நிக்கணும். வயக்காட்டுல எங்க நின்னாலும் சமதரைதான். மேல நின்னு கீழ பாக்கணும் ஒருநாளு.”

டெல்டாக்காரர்களுக்குத்தான் இது புரியும். அறுபது வயது வரை அம்மா ஒரு மலையைப் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், நாலு மணி நேரம். இரண்டு நாள் அங்கே. பத்துமலையின் 272 படிகளை அம்மாவின் முழங்கால் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு. பிறகு பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து பெர்ரியில் பினாங்கு. அந்தப் பெரியவர் கப்பலில் போய் இறங்கிய அதே கடல் வழியில் சில நிமிடங்கள். பினாங்கு மலைக்கு 1923இல் இருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது. ஏற வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். மேலே ஒரு பகல் முழுவதும். தோட்டப்புறத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் அம்மாவுக்கு மனம் இருந்தால். மற்ற நாட்களில் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக், கடற்கரை, தூக்கம்.

செலவு இரண்டு பேருக்கும் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய்க்குள் திட்டம். மாதம் நாலாயிரம் வீதம் இருபது மாதச் சீட்டு. நாலு பிள்ளைகளின் ஃபீஸ் பற்றிக் கேட்ட தோழருக்கு: பிள்ளைகளின் ஃபீஸ் அரசின் கடமை. கல்வி உதவித்தொகை வராதபோது கலெக்டர் அலுவலகத்தில் போய் உட்காருவது என் வேலை, அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அம்மாவின் மலையை விற்று அரசின் கடனை அடைக்க முடியாது.

போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில தகவல்கள். பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் குறைவு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு ‘இ.சி.ஆர்.’ என்று குறிப்பு வரும். குடியேற்றச் சோதனை தேவை என்பது பொருள். வேலைக்குப் போவோரை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காக்க வந்த விதி இது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு, அம்மாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. இ.சி.ஆர். இருந்தாலும் சுற்றுலாவுக்குப் போகலாம், ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2026 முடியும் வரை இந்தச் சலுகை உண்டு. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு இல்லை. பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையால் அநேகமாக மூடியிருக்கும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களில் அறை வாடகை ஏறும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விசா இல்லாத இதே வழியில்தான் ஏஜெண்டுகள் நம் காலனிப் பையன்களை அனுப்புகிறார்கள். ‘டூரிஸ்ட்டா போ, அங்க போனதும் பெர்மிட் வாங்கிடலாம்’ என்பார்கள். போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டல் சமையலறையிலோ செம்பனைத் தோட்டத்திலோ விடுவார்கள். பிடிபட்டால் சிறை பையனுக்குத்தான், ஏஜெண்டுக்கு இல்லை. முன்பணம், சொந்த ஊர்க்காரன், இனிப்பான வார்த்தை என்று எல்லாம் பழைய கங்காணியின் முறைதான். உங்கள் தெருவில் யாராவது இப்படிக் கிளம்பினால் நிறுத்திக் கேளுங்கள்: வேலை விசா எங்கே, ஒப்பந்தம் எங்கே, முதலாளி பெயர் என்ன?

விமான நிலையத்தில் அதிகாரி அம்மாவின் கறுத்த கையையும் புதுப் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, ‘எதுக்குப் போறீங்க?’ என்று கேட்கக்கூடும். வேலைக்கா என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும். டிக்கெட், அறை முன்பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். பதிலை அம்மாவே சொல்வதாகச் சொல்லிவிட்டார்: “சுத்திப் பாக்க.”

படிக்கிற நீங்கள் இந்த வருடமே உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். இப்போதைக்குப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது பத்து வருடம் செல்லும். அவர்கள் பார்க்க ஆசைப்பட்டது என்ன என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். நாம் வாசிக்கிற எந்த நூலிலும் அந்தப் பதில் இருக்காது.

ஜெய்பீம்.