உரிக்கிற கூலி

நான் போன நேரம் வண்டி ஸ்டிக்கர் கடையில் யாரும் எதையும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. உரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோவை சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டி ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு குட்டி யானை. டாடா ஏஸ் என்று கம்பெனி வைத்த பெயர் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான். வண்டியின் பக்கவாட்டில் பழைய பேக்கரி விளம்பரம், பாதி கேக் போய்ப் பாதி மிச்சம் இருந்தது. ஒரு பையன் ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி நகத்தால் நெம்பினான். முழு நீளத்துக்கு உரிந்து வரவேண்டிய ஸ்டிக்கர் எட்டணாக் காசு அளவுக்கு ஒடிந்து ஒடிந்து வந்தது.

“சித்த உக்காருங்ண்ணா, இத முடிச்சுட்டுப் பேசலாமுங்க” என்றார் கடைக்காரர். சித்த என்றால் கொங்குநாட்டில் கொஞ்ச நேரம். அன்றைக்கு அது பதினொரு மணிக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்தது.

ஸ்டிக்கர் ஏன் இப்படி ஒடிகிறது? ஸ்டிக்கர் செய்யும் வினைல் என்பது பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் நின்று நின்று அது வெளியேறிவிட்டால் மிச்சம் அப்பளம்தான். பானெட்டிலும் கூரையிலும் வெயில் நேராக விழுவதால் அங்கே சீக்கிரம் கெடும். தயாரிப்பாளர்களே அந்த இடங்களுக்கு உத்தரவாதக் காலத்தைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். அப்பளம் உதிர்ந்த பிறகும் பசை வண்டியிலேயே இருக்கும். அவசரப்பட்டுத் தின்னரை ஊற்றித் தேய்த்தால் பசையோடு பெயின்ட்டும் வந்துவிடும். என் பழைய காரின் கதவில் ஒரு புண்ணியவான் அப்படிச் செய்த வெளுத்த வட்டம் இன்றைக்கும் இருக்கிறது.

வினைலில் இரண்டு ஜாதி உண்டு. உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது காலண்டர் வினைல். இழுத்துச் செய்ததாலேயே பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். இரண்டு கோடை போனால் ஓரங்களில் பசைக்கோடு தெரியும். குழம்பாக ஊற்றிக் காயவைப்பது காஸ்ட் வினைல். சுமார் 50 மைக்ரான்தான் கனம், முடியைவிட மெலிசு. பம்பர் வளைவிலும் ரிவெட் தலையிலும் சூடு காட்டினால் தோல் மாதிரி படிந்துவிடும். பின்னால் கழற்றும்போதும் பெரும்பாலும் முழுசாக வரும். ஆனால் விலை கூடுதல். “சதுர அடி எவ்வளவுங்க?” என்று கேட்டுக்கொண்டே வருகிறவரிடம் காஸ்ட் என்ற வார்த்தையை எடுப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

சதுர அடிக் கணக்கைப் பழக்கியது பிளக்ஸ் பேனர். ரோட்டோரம் கட்டிவிட்டு ஒரு வாரத்தில் அவிழ்க்கிற துணிக்கு அந்தக் கணக்கு சரி. வண்டிக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி. தட்டையான கன்டெய்னரின் பத்து சதுர அடியும், கைப்பிடி, ரப்பர் பீடிங், பெட்ரோல் மூடி எல்லாம் குறுக்கே வரும் வேன் கதவின் பத்து சதுர அடியும் ஒரே வேலையா?

கடைக்காரர் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பிரஷ் பிடித்து எழுதியவர். பிரஷ்ஷுக்கு வேலை குறைந்ததும் ஸ்டிக்கரில் எழுத்து வெட்டும் கட்டிங் பிளாட்டர் வாங்கிக் கோவைக்கு வந்தார். நெடுநாள் நம்பர் பிளேட்தான் சோறு போட்டதாம். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனியிலிருந்தே வர ஆரம்பித்தது, அந்த வரும்படி போயிற்று. அதற்கு முன்பே, 2012இல் கார்க் கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதில் இன்னொரு கை ஒடிந்தது. கடனில் பிரிண்டர் வாங்கி, வண்டிமேல் படம் ஒட்டும் ரேப்பிங்குக்கு வந்தது இரண்டும் போன பிறகுதான்.

பிரஷ் பிடித்த கை என்பது எழுத்தைப் பார்க்கிற பார்வையில் தெரிகிறது. பிளாட்டர் வெட்டிய எழுத்தைச் சுற்றி வேஸ்ட் எடுக்கும்போது அவர் முதலில் பார்ப்பது புள்ளிகளைத்தான். ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் தனியாக ஒரு பொட்டு. வேஸ்டோடு ஒட்டிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் நாலாவது வாட்டர் சர்வீஸில் உதிரும். ‘பால்’ வண்டி ‘பால’ வண்டி ஆகிவிடும். அதனால் வழக்கமான அளவைவிடப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறார். “பாக்க லட்சணமில்லதானுங்க. ஆனா நிக்கோணுமுங்களே.”

மூன்றரைக்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகம். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தார்கள். பீடிங் இடுக்கில் பையன் மூன்று முறை துணியை விட்டு எடுத்தான். பிரிண்ட் முந்தின நாளே அடித்தது. மையில் உள்ள சால்வென்ட் ஆவியாக ஒரு நாளாவது விடாமல் லேமினேஷன் போட்டால், உள்ளேயே தங்கிப் பசையைக் கெடுத்துவிடும். “இன்னைக்கே வேணுமுங்க” என்று நிற்பவர்களுக்கு இது புரிவதில்லை. இரண்டு பேர் படத்தைப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்யூஜியால் தேய்த்துக்கொண்டே போனார். ஒரு பக்கம் முடிய நாற்பது நிமிஷம் ஆகவில்லை. மசாலாக் கம்பெனியின் மிளகாய் பளபளவென்று சிவந்து நின்றது.

“பிரிண்ட்ட மிசினு அடிச்சுத் தள்ளிருமுங்க. உரிக்கறதுக்கு இன்னும் மிசினு வரலைங்க” என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டே.

வண்டிக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார், திருப்திதான். பில்லில் பிரிண்ட், லேமினேஷன், ஒட்டுக்கூலி என்று மூன்று வரி. நாலரை மணி நேரம் பையனின் நகம் பட்ட பாட்டுக்கு ஒரு வரி இல்லை. கேட்டால், “அதுக்கெல்லாம் காசு போட்டா கஸ்டமர் வருவாருங்களா?” என்கிறார்.

உங்கள் வண்டியை இப்படி ஒரு கடைக்குக் கொண்டுபோனால், சதுர அடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பழையதை உரிக்க எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.