அலுமாரிக்குள்ள ஒரு காடு

"இந்த வயசிலயும் சின்னப்பிள்ளையளின்ர கதையோ?" என்று கேட்கிற ஆக்களுக்கு நாங்கள் நார்னியாவைத்தான் காட்டுவம். சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியாக் கதை 1950இல் வெளிவந்தது. அதில வாற நாலு பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்தவர்கள் இல்லை. லண்டனில குண்டு விழுந்த காலத்தில், நாட்டுப்புற வீடொன்றுக்கு அனுப்பப்பட்டவர்கள். அங்கே ஒரு அலுமாரியைத் திறந்தால் உள்ளே பனி பெய்யிற காடு!

இடம்பெயர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது வெறும் மாயாஜாலமாகத் தெரியேல்லை. இனிப்புக்கு மயங்கி எட்மண்ட் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். பிறகும் அவர்கள் அவனைக் கைவிடவில்லை. பெரிய ஆக்களுக்கான நாவல்களும் நிறைய வாசிச்சிட்டம். மன்னிப்பை இவ்வளவு நேராகச் சொன்னவை குறைவு.

வீட்டில தம்பி, தங்கச்சி இருந்தால் வாசிச்சுக் காட்டுங்கோ. இல்லாட்டி நீங்களே வாசியுங்கோ.